சந்துப் பக்கத்துச் சுவர்

பெரியக்கா நேற்று அந்தச் சுகாதார அதிகாரியிடம் வாய் தவறி எதுவும் சொல்லிவிடவில்லை. நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னாள். “நாளைக்குச் சாயங்காலம் வந்து பாருங்க. ஃபேன் ஓடிட்டிருக்கும்.”

அதற்குச் சற்றுமுன் அவர் சமையலறைச் சுவரில் விரலை இழுத்து, நுனியில் ஒட்டிய கரியை அவளிடம் காட்டியிருந்தார். அந்தச் சமையலறையிலிருந்துதான் பக்கத்து மருத்துவமனை ஊழியர்களுக்கு மதியச் சாப்பாடு போகிறது. புகை வெளியேற வழியில்லாவிட்டால் உரிமம் கிடையாது. உரிமம் இல்லாவிட்டால் அடுப்பு கிடையாது. கணவர் போன பிறகு யார் வாசலிலும் போய் நிற்காமல் ஒரே மகளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்த அடுப்பு அது.

அதிகாரி படியிறங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. புகையை வெளியே தள்ளும் ஃபேனை வைக்க ஒரே ஒரு சுவர்தான் இருக்கிறது. மற்ற மூன்றுக்கும் அப்பால் வீட்டின் அறைகள். நான்காவதற்கு அப்பால் சந்து. அந்தச் சந்து தம்பியுடையது.

அப்பா தன் காலத்திலேயே வீட்டை இரண்டாகப் பிரித்தபோது சுவர் அக்காவுக்கு, சந்து தம்பிக்கு என்று ஆயிற்று. அதில் யாருக்கும் குறை இல்லை. குறை வந்தது மகள் கல்யாணத்தில். அலைச்சலில் தம்பி வீட்டுக்கு நேரில் போய் அழைக்க முடியாமல், பெரியக்கா ஃபோனில் அழைத்துவிட்டாள். கூப்பிடு தூரத்தில் இருக்கும் தம்பிக்கு ஃபோன்!

“ஃபோன்ல கூப்பிட்டா ஃபோன்லயே வாழ்த்திடறேன்” என்று சொல்லி வைத்துவிட்டான் அவன். கல்யாணத்துக்கு வரவில்லை. மகளுக்குப் பிள்ளை பிறந்து, அது நடக்கவும் தொடங்கிவிட்டது. அக்காவும் தம்பியும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.

மானம் என்பது சில குடும்பங்களுக்கு உடுப்பு மாதிரி. இந்தக் குடும்பத்துக்கு அது எலும்பு. வளையாது.

இன்று காலை மாப்பிள்ளை வந்து இறங்கியபோது பெரியக்கா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. அடுக்கிய பாத்திரத்தையே மறுபடி அடுக்கினாள்.

மாப்பிள்ளைக்குத் தொழிலே ஃபேன், ஏசி மாட்டுவதுதான். சட்டைப் பையில் எந்நேரமும் டெஸ்டர் இருக்கும். கல்யாணத்தன்று பட்டுச் சட்டையிலும் இருந்தது. அதனால் நண்பர்கள் மத்தியில் அவர் பெயரே டெஸ்டர்.

“என்ன அத்தை, சமையல் இல்லையா இன்னைக்கு? வாசனையே காணோம்.”

“ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிட்டேன். நீங்க சீக்கிரம் ஆரம்பிங்க மாப்பிள்ளை.”

“சீக்கிரம்கிற வார்த்தை மட்டும் இந்த மெஷினுக்குப் பிடிக்காது அத்தை. கையை முறுக்கிடும்.”

அவர் கொண்டுவந்திருந்தது கோர் மெஷின். அதன் முனையில் ஒரு சோற்றுக் குண்டான் அகலத்துக்கு இரும்புக் குழாய். குழாயின் விளிம்பில் பற்கள். சுவரை இடிக்காமல், கேக் வெட்டுவதுபோல வட்டமாக வெட்டி எடுக்கும். சுத்தியலும் உளியும் போட்டால் சுவரே ஆடிவிடும் என்பது அவர் கட்சி.

அடுப்புக்கு மேலே, தோள் உயரத்தில், வட்டம் வரைந்தார். பிறகு உள்ளங்கை அளவில் ஒரு கருவியை எடுத்துச் சுவரில் வைத்து மெல்ல நகர்த்தினார். சுவருக்குள் மின்சாரம் ஓடினால் அது கத்தும்.

கத்தியது.

“இங்க ஒயர் போகுதா அத்தை?”

“அந்தச் சுவர்ல ஒயரே கிடையாது. எங்க அப்பா கட்டினது. எனக்குத் தெரியாதா?”

மாப்பிள்ளை சமையலறை லைனின் ஃப்யூஸைப் பிடுங்கினார். கருவியை மறுபடி சுவரில் வைத்தார். கத்தியது. வீட்டின் மெயினையே அணைத்தார். குளிர்சாதனப் பெட்டி நின்றது, விளக்கு நின்றது. சுவர் மட்டும் விடாமல் கத்தியது.

“உங்க பொருள் பழுது” என்றாள் பெரியக்கா.

“பொருள் பழுது இல்ல. நம்ம வீட்டுல கரண்டே இல்ல, சுவர்ல மட்டும் இருக்கு. அப்படின்னா இது நம்ம கரண்ட் இல்ல அத்தை. அந்த வீட்டுது.” அவர் குரலில் விளையாட்டு போயிருந்தது. “ஒற்றைக்கல் சுவர், கனமே இல்ல. அந்தப் பக்கம் பூச்சுக்குள்ள ஏதோ ஒயர் விட்டிருக்காங்க. அவங்க மெயினை அணைச்சாதான் நான் கை வைப்பேன். இன்னொண்ணு, வெட்டி முடியறப்போ கல்லு அந்தப் பக்கமும் விழலாம். சந்துல யாரும் வராம ஒருத்தர் நிக்கணும். நான் போய் மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்.”

“நீங்க போறதா? இந்த வீட்டு மாப்பிள்ளை அந்த வாசல்ல போய் நிக்கறதா?” பெரியக்கா முந்தானையை இழுத்துச் செருகினாள். “நான் போறேன்.”

*

தெருவில் இறங்கி நாலு எட்டு வைத்தால் தம்பி வீட்டுக் கேட். பெரியக்கா கேட்டின் கொண்டியில் கை வைத்தாள்.

சந்தின் தரை பெருக்கப்பட்டு, துடைப்பம் சுவரோரம் சாய்ந்திருந்தது. உள்ளே தம்பியின் இருமல் கேட்டது. பேருந்து ஓட்டுகிறவன், இன்று அவனுக்கு ஓய்வு நாள்போல. சின்ன வயதில் இருமினால் இவள்தான் முதுகைத் தட்டுவாள்.

என்ன சொல்வது? ‘தம்பி, எனக்கு ஒரு உதவி.’ இல்லை. ‘உன் மெயினை அணை.’ அது அதிகாரம். அதிகாரம் செய்யும் உரிமை போய் நாளாகிறது. ‘உன் சந்துக்குள் என் புகையை விடப்போகிறேன், விடலாமா?’ விடலாமா என்று யாரிடமும் அவள் கேட்டுப் பழக்கமில்லை. ‘கூடாது’ என்று அவன் மனைவி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? தெருவில் போகிறவர்கள் பார்க்க, வந்த வழியே திரும்பி நடக்க வேண்டும்.

யாரும் சொல்லாமலேயே அவள் வந்த வழியே திரும்பி நடந்தாள்.

மாப்பிள்ளை கண்ணாடியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். “என்ன சொன்னாங்க?”

“சொல்லியாச்சு” என்றாள் பெரியக்கா.

வாய்க்கு வந்துவிட்டது. இனி விழுங்க முடியாது.

“மெயின்?”

“அணைக்கறேன்னான்.”

“சந்துல ஆள்?”

“அவனே நிப்பான். நீங்க ஆகற வேலையைப் பாருங்க.”

கருவியை அவர் திரும்பவும் சுவரில் வைத்தார். பெரியக்கா மூச்சை அடக்கிக்கொண்டாள். இப்போது கத்தும். இப்போது குட்டு உடையும்.

கத்தவில்லை. வட்டம் முழுக்க நகர்த்தினார். மேலே, கீழே. சத்தமே இல்லை.

“பரவாயில்லையே! மாமா உடனே அணைச்சுட்டார்” என்று மாப்பிள்ளை சிரித்தார். “பாருங்க, பேசினா எல்லாம் சரியாயிடும். நீங்கதான் வீணா நாளைக் கடத்திட்டீங்க.”

பெரியக்கா சுவரையே பார்த்தாள். அவள்தான் தம்பியிடம் பேசவே இல்லையே. பிறகு யார் அணைத்தது? கருவிதான் பழுது, நான் சொன்னதுதான் சரி என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். மனம் சமாதானம் ஆகவில்லை.

மாப்பிள்ளை இந்தப் பக்கத்து மெயினை மறுபடி போட்டு, சமையலறை லைனை மட்டும் பிடுங்கியே வைத்து, முன்னறையிலிருந்து நீள ஒயரில் மெஷினுக்கு மின்சாரம் இழுத்தார். முதலில் வட்டத்தின் நடுவே விரல் பருமனில் ஒரு சின்னத் துளை. அது நேராகச் சுவரைத் துளைத்து அந்தப் பக்கம் போய்விட்டது. துளை வழியே ஒரு நூல் வெளிச்சம் வந்தது.

“கொஞ்சம் வெளிப்பக்கமா சாய்ச்சுப் போட்டிருக்கேன். மழைத்தண்ணி உள்ள வராது.”

யார் கேட்டார்கள்? பெரியக்கா முன்னறைக்குப் போனாள். பிளக் செருகியிருந்த இடத்தை வெறித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

பிறகு பெரிய குழாயை மாட்டினார். காலை அகட்டி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, தோளைக் கொடுத்தார். வீடே அதிர்ந்தது. செந்தூசு பறந்தது. சுவரில் வட்டமாக ஒரு கோடு விழுந்து ஆழமாகிக்கொண்டே போனது.

பாதி ஆழம் போனதும் நிறுத்தி, குழாயை வெளியே இழுத்துத் தூசியைத் தட்டினார். “சூடாயிடுச்சு. கொஞ்சம் ஆறட்டும்.”

சத்தம் நின்ற வீட்டில், அந்தச் சின்னத் துளை வழியாகத் தம்பி மனைவியின் குரல் வந்தது. காதருகே நின்று பேசுவதுபோல் அவ்வளவு தெளிவாக.

“யாருங்க மோட்டாரை நிறுத்தினது? டேங்க் பாதிகூட ரொம்பல. ஆளுங்க வர்றதுக்குள்ள சந்தைக் கழுவ வேணாமா?”

தம்பி எங்கோ உள்ளிருந்து ஏதோ சொன்னான். புரியவில்லை.

“நீங்க குளிங்க. நானே போட்டுக்கறேன்.”

மோட்டார்.

தினமும் காலையில் இந்தச் சுவருக்கு அப்பால் ஒரு ரீங்காரம் கேட்கும். இன்று மாப்பிள்ளை வந்தபோதும் கேட்டுக்கொண்டிருந்தது. சுவர் கத்தியபோது கேட்டுக்கொண்டிருந்தது. அவள் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பியபோது நின்றுபோயிருந்தது. ஃப்ரிட்ஜ் சத்தம்போல் காது பழகிவிட்டதால் நின்றதுகூடத் தெரியவில்லை. மோட்டார் ஓடும்போது மட்டும் உயிர் வரும் ஒயர் அது.

மாப்பிள்ளை அதற்குள் குழாயைக் கோட்டில் பொருத்தி மெஷினைப் போட்டுவிட்டார். பெரியக்கா “நிறுத்துங்க!” என்று கத்தினாள். அந்த இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரண்டு கையாலும் இரும்பைப் பிடித்திருக்கிறவரைத் தொடவும் பயம்.

முன்னறைக்கு ஓடினாள். எப்படி ஓடினாள் என்று பிறகு யோசித்தபோது அவளுக்கே தெரியவில்லை. பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள். மெஷின் அழுது ஓய்ந்தது.

“கையை எடுங்க மாப்பிள்ளை! தள்ளி நில்லுங்க!”

“என்னாச்சு அத்தை?” அவர் மெஷினைச் சுவரிலிருந்து இழுத்துக் கீழே வைத்தார்.

பெரியக்கா அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு சுவரருகே போய், அந்த விரல் பருமன் துளையில் வாயை வைத்து, வயிற்றிலிருந்து கத்தினாள்.

“தம்பி! மோட்டாரைப் போட விடாதடா! டேய் தம்பி!”

அந்தப் பக்கம் ஏதோ உருண்டது. வாளியாக இருக்கலாம். கால்கள் ஓடின. பிறகு தம்பியின் குரல், மூச்சு வாங்க:

“போடல அக்கா. போடல. கையைப் பிடிச்சுட்டேன்.”

பெரியக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாப்பிள்ளை முகமூடியைக் கழற்றினார். முகம் செம்மண் பூசியதுபோல் இருந்தது. கண்ணாடியும் முகமூடியும் இருந்த இடம் மட்டும் சுத்தம்.

“நீங்க அவங்ககிட்டச் சொல்லல.”

“சொல்லல.”

“கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டீங்களா?”

“ஆமா.”

அவர் நெற்றியில் படிந்த செந்தூசைக் கையால் வழித்தெறிந்தார். பிறகு, சிரிப்பே இல்லாமல், “என் கல்யாணத்துல ஆரம்பிச்ச சண்டை அத்தை. என் சாவுல முடியப் பார்த்துச்சு” என்றார்.

யாரிடமும் தலைகுனியாத பெரியக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மகளின் முகமும் பேரனின் முகமும் கண்ணில் வந்து நின்றன.

“போய் ஃப்யூஸை வாங்கிட்டு வாங்க” என்றார் மாப்பிள்ளை. “மெயினை அணைச்சோம்னு இனிமே வாயால சொன்னா நான் கேக்க மாட்டேன். அவங்க மோட்டார் ஃப்யூஸ் என் சட்டைப் பைக்கு வரணும்.”

*

இந்த முறை கொண்டி சட்டென்று திறந்தது.

தம்பி ஈரத் தலையும் இடுப்புத் துண்டுமாகச் சந்தில் நின்றிருந்தான். முன்பைவிட மெலிந்திருந்தான். தம்பி மனைவி ஒரு கையால் மறு கை மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். அவன் பிடித்த பிடி அப்படி.

பெரியக்கா சுவரைப் பார்த்தாள். சின்னத் துளைக்கு நாலு விரல் தள்ளி, பூச்சுக்குள் புதைத்த தடம் ஒன்று மோட்டார்வரை ஓடியது. பூச்சின் நிறமே வேறாக இருந்தது.

“எப்ப வெட்டினே என் சுவரை?”

“உன் பொண்ணு பிரசவத்துக்கு நீ ஆஸ்பத்திரியே கதின்னு இருந்தியே, அப்போ.”

“ஒரு வார்த்தை கேட்டியா?”

“நீ கேட்டியா, ஓட்டை போடறதுக்கு?”

இரண்டு பேரும் ஒரே மாதிரி தாடையை இறுக்கிக்கொண்டார்கள்.

“மோட்டாரை முதல்ல நிறுத்தினது யாரு?” என்றாள் பெரியக்கா.

“நான்தான். உன் மாப்பிள்ளை ‘ஒயர், ஒயர்’னு சொன்னது ஜன்னல்ல கேட்டுச்சு. வந்து சொன்னா சுவரை வெட்டினது தெரிஞ்சுடும். பேசாம நிறுத்திட்டுப் போயிட்டேன். இவகிட்டயும் சொல்லல.”

“நல்லா இருக்கு!” என்றாள் தம்பி மனைவி. “ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டீங்க. கொலைப்பழி மட்டும் என் தலையில. ஏன் அண்ணி, இந்தக் கேட்டு உங்களைக் கடிக்குமா?”

பெரியக்கா அதைக் காதில் வாங்காமல், “மோட்டார் ஃப்யூஸைக் குடு” என்று தம்பியிடம் கை நீட்டினாள்.

அவன் மோட்டார் மின்பலகையிலிருந்து ஃப்யூஸைப் பிடுங்கினான். ஆனால் கொடுக்கவில்லை. கைக்குள் வைத்து உருட்டினான்.

“அக்கா. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்.”

கேக்கணும். அந்தச் சொல்லை அவன் வாயால் கேட்டதும் அவள் கோபம் ஓரடி பின்வாங்கியது.

“ஓட்டையை இன்னைக்குப் போடாதே. அடைச்சுடச் சொல்லு. ஒரு மாசம் பொறு.”

“ஒரு மாசமா? சாயங்காலம் அதிகாரி வர்றார்டா. அடுப்பை மூடிடுவாங்க.”

“தெரியும். அப்படியும்தான் கேக்கறேன்.” அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். “இந்தப் பக்கத்தை விக்கறோம். பார்க்க ஆளுங்க இப்ப வர்றாங்க. பேசி முடியறவரைக்கும் சந்துக்குள்ள புகை வரும்னு தெரியக் கூடாது.”

பெரியக்கா காதில் மெஷின் இரைச்சல் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

“அப்பா வீட்டையா? வெளியாளுக்கா?”

“பேச ஆளில்லாத வீட்டுல இருந்து என்னக்கா பண்ண?”

“அதுவும் மறைச்சு விக்கறதா? நாளைக்கு அவங்க வந்து, ஏமாத்திட்டீங்கன்னு நடுத்தெருவில நின்னு கேட்டா, அது யார் பேரு? உன் பேரா? அப்பா பேரு!”

“அப்போ சொல்லிடு. சொன்னா வாங்க மாட்டாங்க. நான் இங்கேயே கிடக்கேன். சொல்லாம ஓட்டையை அடைச்சா, உன் அடுப்பு போகும். எது வேணும்னு நீயே சொல்லு. நீதானே மூத்தவ!”

அந்தக் கடைசிச் சொல்லைக் குத்தலாகத்தான் சொன்னான். ஆனால் அவன் கண் குத்தவில்லை. ஃப்யூஸ் பிடித்த கையை நீட்டினான். அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கேட்டுக் கொண்டி தட்டப்பட்டது.

நடுத்தர வயதுக் கணவனும் மனைவியும். கணவன் செருப்பைக் கேட்டருகிலேயே கழற்றினார். மரியாதை தெரிந்த மனிதர்போல் இருந்தது. அதுதான் இன்னும் சங்கடம். தம்பி இடுப்புத் துண்டோடு உள்ளே ஓடினான். தம்பி மனைவி நகர்ந்து, அந்தத் துளையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

“வாங்க, வாங்க. இடம் கொஞ்சம் அலங்கோலமா இருக்கு.”

“பரவாயில்லைம்மா. நல்ல சந்து. காத்து வருதே” என்றார் வந்தவர்.

அப்போது தம்பி மனைவியின் முதுகுக்குப் பின்னால் சுவர் பேசியது.

“அத்தை! ஃப்யூஸ் வந்துடுச்சா? ஆரம்பிக்கவா, வேணாமா?”

வந்தவர்கள் திடுக்கிட்டுச் சுவரைப் பார்த்தார்கள். தம்பி மனைவியின் முகம் வெளுத்தது. உள்ளறைக் கதவிடுக்கில் தம்பி, சட்டையில் ஒரு கை மட்டும் நுழைத்தபடி அசையாமல் நின்றான்.

“அந்தப் பக்கம் யாரு இருக்காங்க?” என்றார் வந்தவர் மனைவி தயக்கத்துடன். “தொந்தரவு ஏதும் இருக்காதே?”

பெரியக்கா தலையில் படிந்த செந்தூசைத் தட்டவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள்.

“நான்தான் இருக்கேன்” என்றாள். “என்ன தொந்தரவுன்னு என்கிட்டயே கேளுங்க. மறைக்காம சொல்றேன்.”